தென்கடலில் அலை சரியில்லை

கம்ப்யூட்டர் கேம் செய்கிற தொழிலில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியங்கள் இரண்டுதான்: ‘ரிலீஸ் தள்ளிப் போகுது’, ‘நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்’. இரண்டையும் கேட்டவள் நான். இரண்டையும் சொன்னவளும் நானே. உங்களில் யாருக்காவது இதில் ஒன்றாவது நடந்திருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வீடியோவில் வந்த வருத்தம்

பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரமென்று லீவு போட்டு, அபிராமத்துப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது ‘அவசர மீட்டிங்’ என்று மெசேஜ் வந்தது. எங்கள் காட்டில் பம்புசெட் ரூம் மேல் ஏறினால்தான் சிக்னல் நிற்கும். ஏறி உட்கார்ந்தேன். அதற்கு முன் நான் பார்த்தேயிராத ஓர் அம்மாள் திரையில் தோன்றி, மிகுந்த வருத்தத்தோடு எங்கள் டீம் முழுவதையும் நிறுத்துவதாகத் தாளைப் பார்த்து வாசித்தார். கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். என் மைக்கை அவர்களே அணைத்து வைத்திருந்தார்கள். சற்று நேரத்தில் ஆபீஸ் மெயிலும் திறக்கவில்லை.

இறங்கி வந்து அய்யாவிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவர் பறித்த பழத்தைச் சாக்கில் கொட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்: “மழை பெஞ்சா நாம ஆளுகளை நாளைக்கு வாங்கண்டு அனுப்புவோம். அங்கன மழையே பெய்யலயே ஆத்தா, பெறகு ஏன் அனுப்புறாக?”

போர்டு வைத்த வினை

அதே மீட்டிங்கில் வேலை போன இன்னொருவன் ஜெரோம். பாம்பன்காரன். சவுண்ட், மியூசிக் எல்லாம் அவன் பொறுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்வதென்று முடிவெடுத்தோம். பாம்பன் கடலில் ஒரு நாட்டுப்படகை ஓட்டிக் கரை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கேம். அடுத்த பொங்கலுக்கு ரிலீஸ் என்று இணையத்தில் தைரியமாக அறிவித்தும் விட்டோம். பாம்பனில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே மாடியில் ரூம் பிடித்து, ஆசையாக ‘கேம் ஸ்டுடியோ’ என்று போர்டு மாட்டினோம்.

முதல் வாரமே ஒருவர் தலை சீவி, பவுடர் போட்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீனவர் அட்டைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமாம். விளக்கிப் பார்த்தோம். போட்டோவுக்கு அசையக் கூடாதென்று அவர் அசையவே இல்லை. கடைசியில் ஜெரோம் போனில் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். படத்தைப் பார்த்துத் திருப்தியாகி வாசல்வரை போனவர், திரும்பி நின்று கேட்டார்: “மக காதுகுத்துக்கு வீடியோ எடுக்க வருவீகளா?”

கச்சான் காற்று

அறிவித்த பொங்கல் போனது. அதற்கடுத்த பொங்கலும் போனது, தீபாவளியும் போனது. ஒருவழியாக ஓடுகிற மாதிரி ஒன்று தயாரானதும், ஜெரோமின் பக்கத்து வீட்டில் இருக்கும் படகு ஓட்டுநர் அந்தோணி அண்ணனைப் போனில் விளையாடிப் பார்க்கச் சொன்னோம். பாம்பன் பாலத்துக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். மேற்கேயிருந்து கச்சான் வீசுகிற மாதங்களில் வடகடல் அடங்கிக் கிடக்கும், தென்கடல் கொந்தளிக்கும். நானோ இரண்டுக்கும் ஒரே சின்ன அலையைப் போட்டிருந்தேன். அண்ணன் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனார். கொஞ்ச தூரம் ஓட்டினார். போனைக் கீழே வைத்தார். அடுத்து அவர் கேட்ட ஒரே கேள்வியில் எங்கள் கேம் இன்னும் எட்டு மாதம் தள்ளிப்போனது: “கச்சான்ல தென்கடல் இப்படிக் கெடந்தா, நாங்க எதுக்குத்தா படகைக் கட்டிப் போட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்கோம்?”

நாலு தோசை

எங்களுக்குப் படம் வரைய வந்தவள் வினோதினி. திருவாடானைப் பெண். கரை ஓரத்தில் எட்டிப் பார்த்து ஒளிந்துகொள்ளும் ஒரு நண்டை வரைய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். அந்த நண்டால் கேமுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. எங்களுக்கு அதைப் பார்க்காமல் பொழுது விடியாது. எட்டு மாதத் தாமதம் என்றதும், கேமுக்குப் பணம் போட்டிருந்த வெளியூர்க் கம்பெனி விலகிக்கொண்டது. மூன்று பேர் சம்பளம் இனி தாங்காது. “மெயில் அனுப்பிருவமா?” என்றான் ஜெரோம், என் முகத்தைப் பார்க்காமல். பம்புசெட் ரூம் மேல் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மாட்டேன் என்று திருவாடானைக்கு பஸ் ஏறினேன்.

அவள் அம்மா தோசை வைத்தார். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு தோசைக்கும் தள்ளிப்போட்டேன். நாலாவது முடிந்ததும் அவளே ஆரம்பித்தாள்: “ஏக்கா, என்னைய நிப்பாட்டத்தான வந்தீக? இல்லாட்டி நீங்க ரெண்டுக்கு மேல சாப்புட மாட்டீகளே.” அழுதது நான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவள். பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எடம் பத்தலண்டு அந்த நண்டை மட்டும் எடுத்துராதீகக்கா.”

முடிந்தது, முடியவில்லை

நாலாவது வருஷம், ஓர் ஆனி மாதத்துக் காலையில் கேம் வெளியே வந்தது. பட்டனை அழுத்திவிட்டு நானும் ஜெரோமும் டீ குடித்தோம். முதல் விமர்சனம் மத்தியானத்துக்குள் வந்தது: ‘நாலு வருஷம் காத்திருந்தேன். மூணு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு.’ ஆனால் அவர் நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் மூன்றாவது நாற்காலியைத் தூசி தட்டுகிற அளவுக்கு நிலைமை தேறியது.

வினோதினி அப்போது திருவாடானையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கல்யாண பேனர் செய்துகொண்டிருந்தாள். போன் போட்டேன். “ரிலீஸ்தான் ஆயிருச்சே, எனக்கு இன்னும் என்ன வேலை?” என்றாள். ஆட்கள் எழுதி அனுப்பியிருந்த தப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். படகு பாலத்துத் தூணுக்குள் புகுந்து மறுபக்கம் வருவது, கொக்கு பின்பக்கமாகப் பறப்பது, இப்படி முப்பத்தெட்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்: “அப்ப கேம் இன்னும் முடியலண்டு சொல்லுங்க. திங்கக்கெழமை வாரேன்.”

இவ்வளவு பட்ட பிறகு எங்கள் மூவருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ இரண்டாவது கேமுக்கான யோசனைதான்.