எருமைக்கு அழுக்குப் போட்டவர்

முப்பத்திரண்டு வருஷம் ரயில் பெட்டிகளைக் கழுவிப் பிழைத்த மனிதர், ஓய்வு பெற்ற மறுமாதமே ரயில் பெட்டிகளுக்கு அழுக்குப் போட உட்கார்ந்துவிட்டார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். "அத்தனை வருஷம் ஊரார் அழுக்கை எடுத்தேன். இப்பத்தான் சொந்தமா கொஞ்சம் போடுறேன்" என்பார்.

கழுவியது நிஜப் பெட்டிகளை. அழுக்குப் போட்டது மாடல் பெட்டிகளுக்கு. பொம்மை என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஒரு முழுப் பயணிகள் பெட்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஊரில் மாடல் ரயில் சங்கம் ஒன்று உண்டு. பல் டாக்டர் ஒருவர், இன்ஜினியர்கள் சிலர், செருப்புக்கடைக்காரர் ஒருவர் என்று பத்துப் பதினைந்து பேர். கடையில் வாங்கிய பெட்டிகள் மிட்டாய் மாதிரிப் பளபளக்கும். அவற்றை ஓடித் தேய்ந்த வண்டியாக மாற்ற இவரிடம்தான் கொண்டுவருவார்கள். சங்கத்தில் இவருக்கு 'அழுக்கு மாஸ்டர்' என்று பெயர்.

மற்றவர்கள் போடும் அழுக்கைப் பார்த்தால் இவருக்குப் பொறுக்காது. "இது சேத்துல உருண்ட வண்டி சார், ஓடின வண்டி இல்ல" என்று பல் டாக்டரிடமே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். "அழுக்குன்னா என்ன? கழுவினவன் விட்டது. அவன் பிரஷ் எங்க போகலையோ அங்கதான் அது இருக்கும்." கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால், ஜன்னலின் கீழ் மூலைகளில், கூரை விளிம்புக்கு அடியில், இரண்டு பெட்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும் முனைகளில். வாசல் பக்கம் ஆயிரம் கைகள் பட்டுப் பெயின்ட் மினுங்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே பிரேக் தேய்ந்து பறக்கும் இரும்புத்தூள் காவி நிறத்தில் படிய வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கையும் முதுகும் நோகக் கற்றது.

வார்ப்போடு வந்த தடித்த கைப்பிடிகளைச் சீவி எடுத்துவிட்டு, முடி போன்ற பித்தளைக் கம்பியை வளைத்து ஒட்டுவார். தண்ணீராகக் கரைத்த கறுப்பைப் பெட்டி முழுக்கப் பூசி, காய்வதற்குள் பஞ்சால் மேலிருந்து கீழாக, மழை வழிகிற திசையில் ஒற்றி எடுப்பார். பிறகு சாக்பீஸ் தூள், துரு நிறம், புகைக்கரி. எல்லாம் முடிந்ததும் வார்னிஷைப் புகை போல அடித்து அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவார். அந்தக் கடைசிப் பூச்சு இல்லாவிட்டால் பாடுபட்டதெல்லாம் விரலோடு வந்துவிடும்.

மனைவியை அவர் சந்தித்ததும் பெட்டி கழுவும் இடத்தில்தான். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவர். அவள் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். நடுவில் இரண்டு வரிசைக் கண்ணாடி. அவள் தன் ஜன்னலைத் தேய்த்துத் துடைத்தால்தான் இவருக்கு அவள் முகம் தெரியும். இப்படி ஜன்னல் ஜன்னலாகக் காதலித்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. அவர்கள் கைக்கு அடிக்கடி வந்த பழைய பெட்டி ஒன்றுக்கு 'எருமை' என்று அவள்தான் பெயர் வைத்தாள். எவ்வளவு குளிப்பாட்டினாலும் கறுப்பாகவே நிற்கும். அதில் ஏழாவது ஜன்னல் உடைந்தபோது, எந்தப் புண்ணியவானோ கழிப்பறைக்கு வைக்கிற பால் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். அந்த ஒரு ஜன்னலில் மட்டும் அவள் தெரியமாட்டாள். இவர் ஏழாவதை அரைகுறையாகத் தேய்த்துவிட்டு எட்டாவதுக்கு ஓடுவார். மேஸ்திரியிடம் திட்டு வாங்குவார். மேஸ்திரி திட்டும்போது எட்டாவது ஜன்னலில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

அந்த அவள்தான் இப்போது இவரைப் பார்த்தால் பயப்படுகிறாள்.

மறதி மூன்று வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு கிழமை. போன வருஷம் மகளின் பெயர் போயிற்று. இந்த வருஷம் இவர் போனார். "ஏங்க" என்று நாற்பது வருஷம் கூப்பிட்ட வாய், "யாருங்க நீங்க? எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?" என்று கேட்டது. குளிக்க வைக்கப் போனால் அலறினாள். அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டி, இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் மழையில் இவரை வாசலுக்கு வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். அன்றைக்குத் திருடனைப் போலச் சமையலறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்ததில் இவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது.

மகள் வெளியூரில் இருந்தாள். நல்ல பெண், அதனால்தான் நேராகப் பேசினாள். "அப்பா, நீங்களும் விழுந்துட்டா யாரு பாக்கிறது? நல்ல இடமாத்தான் பாத்திருக்கேன். நர்ஸ் எல்லாம் இருக்காங்க. அம்மா உங்களைக் கண்டு பயந்துக்கிட்டே வாழணுமா?"

ஆனால் அந்த வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்திருந்தது. அவர் மேசையில் துருப் பூசிக்கொண்டிருந்த சரக்கு வண்டி ஒன்றை, கடந்து போன மனைவி நின்று பார்த்தாள். "சரக்கு வண்டி நம்ம வேலை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. சரக்கு வண்டிகளைக் கழுவுவது அவர்கள் வேலையில்லைதான். அது வேறு கூட்டத்தின் வேலை.

"எனக்கு மூணு மாசம் குடும்மா" என்று மகளிடம் கெஞ்சினார். "நான் எருமையைச் செய்யறேன். உங்கம்மா அதைப் பாத்தா அடையாளம் தெரிஞ்சுக்குவா. அது தெரிஞ்சா நானும் தெரிஞ்சிடுவேன். ஒரு தடவை, ஒரே தடவை என்னை 'ஏங்க'ன்னு கூப்பிட்டுட்டா நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"கூப்பிடலைன்னா?" என்று போனில் கேட்டாள் மகள்.

"கூப்பிடலைன்னா நீ சொல்றபடி."

மூன்று மாதமும் சங்கத்தார் கொடுத்த பெட்டிகள் மூலையில் கிடந்தன. அவர் எருமையோடு மல்லுக்கட்டினார். ஏழாவது ஜன்னலுக்குக் கண்ணாடியை உப்புத்தாளில் தேய்த்துப் பால் நிறமாக்கினார். கழிப்பறைக்குக் கீழே வழிந்த கறை, மூன்றாம் படியில் வளைந்த கைப்பிடி, முனையில் யாரோ கீறிய கோடு எல்லாம் வந்தன. தான் கழுவிய பக்கத்தில், ஏழாவது ஜன்னலுக்குக் கீழே கூடுதலாக அழுக்கு வைத்தார். அங்கே அவர் ஒருநாளும் ஒழுங்காகத் தேய்த்ததில்லை.

ஒன்று மட்டும் வழக்கத்துக்கு மாறாக நடந்தது. தின்னர் வாசனை வந்தால் வீடு பற்றி எரிவதாக நினைத்து மனைவி தெருவுக்கு ஓடிவிடுவாள். ஆகவே எண்ணெய்ப் பெயின்டை மூட்டைகட்டிவிட்டு, தண்ணீரில் கரைகிற நிறங்களையும் சாக்பீஸ் தூளையும் மட்டும் வைத்து வேலை செய்தார். வார்னிஷும் அடிக்கவில்லை. அடித்தால் பாதி அழுக்கு மங்கிவிடும் என்பது வேறு. அவள் முதலில் பார்க்கட்டும், பிறகு பல் டாக்டர் வீட்டு மாடியில் வைத்து அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் காரோடு வந்தாள். காப்பகத்தில் ஒரு படுக்கை காலியாக இருந்தது, திங்கட்கிழமைக்குமேல் வைத்திருக்கமாட்டார்களாம். வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் நின்றாள். அவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு முழத் தண்டவாளம் வைத்து, அதன் மேல் எருமையை நிறுத்தினார். மனைவியைக் கூப்பிட்டுவிட்டு, அவள் பயந்துவிடாதபடி நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

அவள் வந்தாள். பார்த்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து முனையைப் பார்த்தாள். அவள் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒன்று வந்தது. கோபம்.

"இதை யாரு இப்படி விட்டது?" என்றாள்.

பதிலுக்கு நிற்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். பேசினில் சோப்புத் தண்ணீரும், குழாய் தேய்க்க வைத்திருந்த இரண்டு பழைய பல் பிரஷ்களுமாகத் திரும்பி வந்தாள். எருமையைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கவே இல்லை. நிற்கிற வண்டியைத்தானே கழுவுவார்கள்? ஒரு குவளைத் தண்ணீரை மோந்து கூரை மேல் ஊற்றினாள்.

"அம்மா!" என்று மகள் பாய்ந்தாள்.

"விடு" என்றார் அவர். "விடும்மா. கழுவட்டும்."

முதலில் கூரை. பிறகு இரண்டு முனைகள். பிறகு பக்கம், மேலிருந்து கீழாக, ஒரு ஜன்னலும் அடுத்த ஜன்னலுக்குப் பாதியும் சேர்த்து. அது அவளுடைய முறை. அங்கே வேறு யாரும் அப்படித் தேய்த்ததில்லை. மூன்று மாத உழைப்பு காவியும் கறுப்புமாக மேசையில் ஓடித் தரையில் சொட்டியது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது அவள்தான். எங்கும் போகவில்லை, உள்ளே இருக்கிறாள்.

ஏழாவது ஜன்னலில் அவள் நின்றாள். தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இது எங்க போகப்போகுது? எருமையாச்சே இது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, சொல்லிட்டாங்கப்பா!" அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அவர் நாலடியையும் கடந்து மேசையின் மறுபக்கத்துக்கு வந்தார். மெல்லக் கேட்டார். "இந்தப் பக்கம் யாரு கழுவுறது?"

"அவர்தான்" என்றாள், நிமிராமலே. குரலில் வெட்கம் இருந்தது. "இன்னும் ஆளைக் காணோம். வேலையும் சுத்தமா இருக்காது. ஏழாவது வந்ததும் விட்டுட்டு எட்டாவதுக்கு ஓடிடுவார், என் முகத்தைப் பாக்க."

"நான்தான்" என்றார் அவர். "நான்தாம்மா அது. வந்துட்டேன். பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியிலிருந்து மோவாய் வரை நிதானமாக, மரியாதையாகப் பார்த்தாள். பயம் இல்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

"விளையாடாதீங்க பெரியவரே" என்றாள். "அவருக்கு இருபத்தஞ்சு வயசுதான் ஆகுது."

மகளின் அழுகை நின்றுவிட்டது. மேசை விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவர் வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க" என்று இன்னொரு பிரஷை நீட்டினாள். "மேஸ்திரி வந்தா அவரைத்தான் திட்டுவார், பாவம்."

அவர் வாங்கிக்கொண்டார். இடுப்பு வலிக்கக் குனிந்து, தான் போட்ட அழுக்கைத் தானே தேய்க்க ஆரம்பித்தார். முதல் ஜன்னல், இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதை இந்தத் தடவை ஒழுங்காகத் தேய்த்தார். எட்டாவதுக்கு வந்ததும் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் அவளுடைய விரல் ஒன்று மட்டும் தெரிந்தது.

"அம்மாவோட துணியெல்லாம் எடுத்து வை" என்றார், நிமிராமல். மகள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

எருமை கடையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல மிட்டாயாக நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். மகள் பையோடு வந்து கையைப் பிடித்ததும், வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படுகிறவளைப் போலத் தகராறு இல்லாமல் நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"பெரியவரே, அவர் வந்தா சொல்லிடுங்க. நான் இன்னிக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்னு."

"சொல்றேம்மா" என்றார் அவர்.