வெள்ளிக்கிழமை ஹேண்டில் சுற்றிய வடிவு

செய்தி வந்தபோது காரின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றைத் துலக்குவது சங்கரவடிவின் வேலை. மேலநீலிதநல்லூருக்கு, பெரிய அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவள் அன்று காலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள் என்று ஊறப்போட்டிருந்தேன். பஸ் வந்தது. அந்த வீட்டுக் காரியஸ்தர் இறங்கி வந்து, கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார்.

"வடிவம்மா விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாங்கம்மா. டாக்டரைக் கூட்டியாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

இதே பஸ் திரும்பும்போது போய்விடலாம் என்றும் சொன்னார். வேண்டாம், காரில் வருகிறேன் என்றேன். ஷெட்டில் பானெட் திறந்து கிடந்த வண்டியை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ்ஸை நோக்கி நடந்தார். பிளக்குகளை நானே துலக்கி மாட்டினேன்.

துக்க வீட்டில் பலர் என்னிடம் சொன்னது, "பாவம், உங்களுக்குத் துணையா இருந்தா" என்பதுதான். நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல்லை நான் ஏற்பதற்கில்லை. துணையாக இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பார். வடிவு என் வீட்டில் செய்தது அதுவல்ல. அவளை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் அவள் செய்தது இன்னதென்று எழுதிவைக்கவே இதை எழுதுகிறேன்.

வடிவு என் கணவரின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே அவள் கணவர் கொழும்புக்குக் கடை வைக்கப் போனார். கடை வைத்தார், திரும்பி வரவில்லை. அவள் அண்ணனிடம் வந்துவிட்டாள், அதாவது எங்களிடம். என் கணவர் இங்கே சங்கரன்கோவிலில் வக்கீல். மலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் ஒரு பழைய காரை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணி ஹூட்; பக்கங்களில் கண்ணாடி கிடையாது; சக்கரங்களில் சைக்கிளைப் போலக் கம்பிகள். பந்தயத்தில் ஓடுவதற்கென்று செய்த ஜாதி. ஊரில் அதற்கு வைத்த பெயர் மொட்டை மோட்டார்.

அந்த மாதிரி வண்டியைத் தெரிந்த மெக்கானிக் மதுரைக்கு இந்தப் பக்கம் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் அவரே கழற்றுவார், அவரே மாட்டுவார். வடிவு விளக்குப் பிடித்துக்கொண்டு ஸ்பானரை எடுத்துக் கொடுப்பாள். நான் பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துப் பொருள் சொல்வேன். அவர் எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். வடிவு கற்க மறுத்துவிட்டாள். "ஓட்டுதது உங்க பாடு மதினி, ஓட வைக்கது எங்க பாடு" என்பாள்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போகவே, வண்டியைக் கல் மேல் தூக்கி நிறுத்தினார். அப்படியே விட்டால் இஞ்சின் இறுகிவிடும், வாரத்துக்கு ஒரு முறை ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். யுத்தம் முடிவதற்குள் அவர் காலமானார். ஷெட்டுப் பக்கம் போக எனக்கு மனமில்லை. அதை நான் பூட்டவுமில்லை.

வெகு காலம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, அங்கிருந்து இரும்பு உரசும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். குளித்து ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்தில், வடிவு காரின் முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் போனதிலிருந்து ஒரு வாரமும் விடவில்லையாம்.

"யார் சொல்லி இதைச் செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"அண்ணன் வாரத்துக்கு ஒருதரம் சுத்தச் சொன்னாம்லா? பொறவு நிப்பாட்டச் சொல்லலையே."

நானும் ஒரு சுற்றுச் சுற்றுகிறேன் என்று ஹேண்டிலைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். "கட்டைவிரலை நம்பாதீய மதினி. அது தனியா நின்னா முறிஞ்சிரும். மத்த விரலோடயே சேத்து வைங்க." இஞ்சின் சில சமயம் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டிலைச் சுற்றிக் கட்டைவிரல் வளைந்திருந்தால் எலும்பு போய்விடும். நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக இருந்தால் கை தானாக விலகிக்கொள்ளும். புத்தகத்திலும் அது இருக்கிறது. அதை வாசித்துச் சொன்னவள் நான்தான். பழக்கமாக்கிக்கொண்டவள் அவள்.

அன்றைக்கே வண்டியைக் கல்லிலிருந்து இறக்குவது என்று முடிவு செய்தோம். இறக்கி, ஓடவிட, ஒரு கோடை முழுதும் ஆயிற்று. வால்வுகளைத் தேய்ப்பதற்கு, குச்சியின் நுனியில் வால்வைப் பொருத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சின்ன மத்தால் மோர் கடைவதைப் போலவே இருக்கும். "வெண்ணெய் எப்பம் திரளும் மதினி?" என்று கேட்டுக்கொண்டே நாள் முழுக்கக் கடைந்தாள். கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்குவது என் வழக்கம். அவளுக்கு அது பெரிய வேடிக்கை. "பிள்ளை பெத்தவ மாதிரி ஒவ்வொண்ணா துடைச்சிப் படுக்க வைக்கீய" என்றாள். எனக்குப் பிள்ளையில்லை என்று தெரிந்தும் அப்படிச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் இல்லை.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறோம் என்பதற்காகக் குறைகளை மறைப்பது எனக்குப் பிடிக்காது. வடிவுக்குப் பொறுமை போதாது. போல்ட்டை இறுக்கினால் முறிகிற வரைக்கும் இறுக்குவாள். என் நல்ல தாம்பாளத்தில் கிரீஸைக் கொட்டிவிட்டு, "தேச்சா போயிரும்" என்பாள். போகவில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது. என் கணவரின் தமையனாரான அத்தான்தான் பிரியாத அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். மேலநீலிதநல்லூரில் பயிர்ச்செலவெல்லாம் அவர் கையில். கார் குடும்பச் சொத்து. என் பெயரில் இல்லை. இரண்டு பெண்கள் ஊர் ஊராக மோட்டாரில் போவது அவருக்குச் சம்மதமாயில்லை. எங்கள் வீடுகளில் மூத்தார் தம்பி மனைவியோடு நேரில் பேசும் வழக்கமில்லாததால், அத்தான் எதையும் வடிவிடம் சொல்லித்தான் என்னிடம் சொல்வார், நான் எதிரில் நின்றாலும்கூட.

"ஏட்டி வடிவு, உங்க மதினிகிட்ட சொல்லு. நடுக்காட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா ரெண்டு பொம்பளைக யாரைக் கூப்பிடுவீக? மதுரையில இருந்து ஒரு வியாபாரி கேட்டிருக்கான். ஆடித்தபசுக்கு மறுநாள் என் வீட்டுக்கு வாரான். அன்னைக்கு வண்டி வழியில நிக்காம வந்து சேந்தா நான் விக்கல. ஒரு தடவை நின்னாலும் வித்துருவேன்."

இதில் இன்னொன்றும் அடங்கியிருந்தது. வண்டி போய்விட்டால் வடிவு சங்கரன்கோவிலில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர் எண்ணம். மேலநீலிதநல்லூர் வீட்டின் சமையல்கட்டு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வடிவு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதம் முழுதும் அவள் ஒரு வேளையும் நிதானமாகச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான தபசு நாளன்று ரேடியேட்டரில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்து தண்ணீர் கசிந்தது. பற்றவைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடையை அடைத்துவிட்டுத் தபசுக் காட்சி பார்க்கப் போய்விட்டார்கள். மறுநாள் காலை பார்த்தால் கசிவைக் காணோம். எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. வடிவு வானத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டதால் புறப்பட்டோம்.

பாதி தூரம் போனோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. திடீரென்று ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. வண்டியை நிறுத்தினேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் இஞ்சின் போயிருக்கும்.

"நான்தான் மதினி" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "கோயில் புத்து மண்ணைக் கரைச்சு உள்ள ஊத்தினேன்."

"ரேடியேட்டரிலா?"

"ஊரு பூரா அதைத்தானே பூசுது? ஆளுக்குப் புண்ணு ஆறுதுல்லா, வண்டிக்கு ஆறாதான்னு நெனச்சேன்."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஓட்டை அடைத்திருந்தது உண்மை. அதோடு தண்ணீர் ஓடும் குழாய்கள் எல்லாமும் அடைத்துக்கொண்டன. சூடாக இருக்கையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இஞ்சின் வெடித்துவிடும், ஆறட்டும் என்று அவளை வலுக்கட்டாயமாகப் பிடித்து உட்கார வைத்தேன். அவளால் உட்கார முடியவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு கிணற்றில் பெரியவர் ஒருவர் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வந்தாள். வண்டி ஆறியதும் ரேடியேட்டரைக் கழற்றினோம். போல்ட்டுகளை என் தலைத்துணியில் வரிசையாக வைத்தேன். அன்று அவள் கேலி செய்யவில்லை. இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு போய், தலைகீழாகப் பிடித்து, கமலைத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் காட்டினோம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு குபுகுபுவென்று சிவப்புச் சேறு கொட்டியது.

பெரியவர் மாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன தாயி, மோட்டாருக்கு வயித்தால போகுதா?"

"ஆமா அண்ணாச்சி, காலையில இருந்து அடைச்சிக் கெடந்துச்சு. இப்பத்தான் போகுது" என்றாள் வடிவு.

சேறு போனதும் ஓட்டை திறந்துகொண்டது. டூல் பெட்டியில் கை கழுவுவதற்கென்று நான் எப்போதும் ஒரு கட்டிச் சோப்பு வைத்திருப்பேன். அதைக் காயவிட்டு ஓட்டையில் அழுத்தித் தேய்த்தால் சிறிது தூரம் தாங்கும் என்று என் கணவர் ஒரு முறை செய்து பார்த்திருந்தார். தேய்த்தேன். தாங்கியது. "கடைசியில உங்க சோப்புதான் சாமி" என்றாள். பெரியவர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தனுப்பினார். வடிவு அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்தான் வீட்டு வாசலில் மதுரை வியாபாரி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இறங்கிய கோலத்தை என்னவென்று சொல்வது? இடுப்புக்குக் கீழே சேறு, முகத்தில் புழுதி, என் கையில் சோப்பு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று நான் வழியிலேயே தீர்மானித்திருந்தேன்.

"வடிவு, வண்டி வழியில நின்னுதான்னு உங்க மதினிகிட்ட கேளு."

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. "அவங்களை என்ன கேக்கது? நின்னுச்சு. நான்தான் புத்து மண்ணைக் கரைச்சு ஊத்தி அடைக்க வச்சேன். கழட்டிக் கழுவி மாட்டி, ஓட்டையைச் சோப்பு வச்சு அடைச்சுக் கொண்டாந்துட்டோம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் வண்டியும் இருந்திருக்கும், அவளும் என்னோடு இருந்திருப்பாள். அது தெரியாதவள் அல்ல அவள்.

அத்தான் வியாபாரியைப் பார்த்துக் கேட்டார்: "வே, உம்ம டிரைவருக்கு நடுவழியில இப்படி ஆச்சுன்னா என்ன செய்வான்?"

"என்ன செய்வான் முதலாளி, மரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்துக்கிடுவான். யாராவது ஊருக்குள்ள போயி ஆளு கூட்டியாரணும்."

அத்தான் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "யாரைக் கூப்பிடுவீகன்னு கேட்டேன். சொல்லிட்டா" என்றார். "ஏட்டி, முதல்ல காலைக் கழுவு. மதுரை அண்ணாச்சிக்குக் காப்பி குடு, புறப்படட்டும்."

வண்டி விற்கப்படவில்லை. வடிவு என்னோடு திரும்பினாள். அன்றைக்குப் பிறகு கழிந்த வருஷங்களில் ஒரு வெள்ளிக்கிழமையும் அவள் ஹேண்டிலைத் தொடாமல் கோயிலுக்குப் போனதில்லை. வண்டி தினந்தோறும் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட. பழக்கத்தை விட்டால் இஞ்சின் கோபித்துக்கொள்ளும் என்பாள்.

அவள் இறந்த செய்தி வந்த காலையில் வண்டிக்கு முன்னால் நான் தனியாகக் குனிந்தேன். முதல் இழுப்புக்கு எடுக்கவில்லை. அடுத்ததில் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. ஹேண்டில் என் கையைவிட்டுப் பறந்து சுழன்று நின்றது. கையைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. என் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. நான் நினைத்து வைக்கவில்லை. அதற்கடுத்த இழுப்பில் எடுத்துவிட்டது.

மேலநீலிதநல்லூரில் அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கினேன். வழக்கப்படி அவர் கண்கள் யாரிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் தேடின. யாரும் இல்லை. பிறகு அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என்னை நேராகப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"வண்டி வழியில நின்னுதாம்மா?"

"இல்லை, அத்தான்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போக வழிவிட்டார்.

வடிவு கோயில் புற்று மண் எடுத்து வைத்த சின்ன டப்பா இன்னும் டூல் பெட்டியில் கிடக்கிறது. அதை எடுத்துப் போட மாட்டேன்; ரேடியேட்டரில் ஊற்றவும் மாட்டேன். ஆனால் வடிவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த டப்பா அல்ல. கிணற்று வாளியைத் தூக்கினாலும், குடையைப் பிடித்தாலும், என் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டுத் தனியாக நிற்பதில்லை.