பலகைமேல் பூசிய சிமெண்ட்

கல்யாணமாகி நான் அரியலூருக்கு வந்தபோது அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு அறை. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு மாமனாரும் மாமியாரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். மாமனார் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், தரையில் படுத்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். காலையில் நான் கதவைத் திறந்து வெளியே வரும்போது அவர் சுவரைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

வாடகைக்குப் போகலாமென்றால் வீடு கிடைக்கவில்லை. சுற்றிலும் ஆலைகள் வந்து, வெளியூர்க்காரர்கள் வந்து, மாட்டுக்கொட்டகையைக்கூடத் தட்டி வைத்து மறைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், "தனியாப் போறதுன்னா பெரம்பலூருதான்" என்பார். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். எனக்கும் போக மனமில்லை. அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவள் நான். அந்த மனிதர் பெற்ற மகளைப் போல என்னை "ஆயி" என்று கூப்பிடுவதைக் கேட்கவே இன்னொரு தடவை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவும் வேண்டும், அந்த வீட்டை விட்டுப் போகவும் கூடாது. இவ்வளவுதான் என் பேராசை.

மாடி எடுக்கலாமென்று கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் சுவரைச் சுரண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மண்சாந்துல கட்டுன சொவருங்க. மேல செங்கல்ல ஏத்துனா கீழ இருக்கறதும் சேந்து வந்துடும்."

விக்கிரமங்கலத்து ஆசாரி ஒருவர்தான் வழி சொன்னார். "மரத்துல ஏத்துங்க. பாரம் கம்மி. இந்தச் சொவரு அதைத் தாங்கும்."

ஜெயங்கொண்டம் பக்கம் பிரித்த ஒரு பழைய வீட்டிலிருந்து தேக்குச் சட்டங்களும் பலகைகளும் வந்தன. மாமனார் யார் சொல்லியும் கேட்காமல் பலகைகளைத் தோளில் வாங்கி இறக்கினார். ஒரு மாதத்தில் மொட்டைமாடியில் அறை நின்றுவிட்டது. பூச்சி அரிக்காமலிருக்க ஆசாரி முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தார். கையில் பட்டால் தோல் உரியும் எண்ணெய். பலகையெல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "வருசம் ஒருதரம் இதையே அடிங்க. வேற எதையும் மேல பூசிடாதீங்க. மரம் நனைஞ்சா காஞ்சுக்கும். ஈரம் உள்ள மாட்டிக்கிச்சுன்னா காயாது."

மாமனாரும் மாமியாரும் கீழே அறைக்குத் திரும்பினார்கள், கட்டிலோடு. நாங்கள் மேலே போனோம்.

அங்கே வாழ்ந்த முதல் மூன்று மாதத்தை எப்படிச் சொல்வது? பலகை இடுக்கில் வெயில் கோடு கோடாக விழும். மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வரும்போது அந்தக் கோடுகள் எந்த இடத்துக்கு வந்திருக்குமென்று எனக்குத் தெரியும். சோற்றை மேலேயே எடுத்துப்போய்விடுவேன். சட்டையில் கிரீஸ் வாசனையும் சுவரில் மர வாசனையுமாக ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். கீழேயிருந்து மாமனார், "ஆயி, அவன் கடையத் தொறக்கற நெனப்புல இருக்கானா?" என்று சத்தம் போடுவார். சிரிப்பை அடக்கமுடியாமல் எனக்குப் புரையேறும்.

அப்போதுதான் ஆலத்தியூரிலிருந்து என் அண்ணி வந்தாள். படியேறி வந்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி இது, கருவாட்டுப் பொட்டி மாரி? ஊரு பூரா சிமெண்ட்டு. நீ பலகைக்குள்ளயா குடியிருக்க?"

அவள் போய்விட்டாள். அந்தப் பேச்சு போகவில்லை. அடுத்த நாளிலிருந்து தெருவில் யார் தலை நிமிர்ந்து பார்த்தாலும் என் வீட்டைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குப் பட்டது. மாமனார் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் பார்த்து என் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தேன். வெளிப்பக்கம் மட்டும் சிமெண்ட் பூசிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு மச்சு வீடு மாதிரி இருக்கும் என்றேன்.

"ஆசாரி வேணாம்னாருல்ல புள்ள?"

"ஆசாரியா இங்க குடியிருக்காரு?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சாப்பிடவுமில்லை. மூன்றாம் நாள் ஆள் வந்து பலகைமேல் கோழிவலை அடித்துச் சிமெண்ட் பூசினான். மேலே பிஸ்தா பச்சை வண்ணம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது. மூளை கெட்டவள்.

ஊரிலிருந்து திரும்பிய மாமனார் தெருவிலேயே நின்றுவிட்டார். "சிமெண்ட்டுலயே கெடந்தவன் நான். அது மரத்தோட ஒட்டாதுடா. யாரு செஞ்ச வேல இது?"

நான் படியில் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை. "நான்தான்ப்பா பூசச் சொன்னேன்."

பூச்சில் மயிரிழை மாதிரி கீறல் விட்டது. இரண்டு மழைக்காலம் போயின. உள்ளே வாசனை மாறியது. ஒருநாள் ஆணியில் மாட்டியிருந்த என் புடவை ஆணியோடு கீழே கிடந்தது. ஆசாரி வந்து வெளிப்பூச்சைப் பெயர்த்துவிட்டுப் பலகையைத் திருப்புளியால் குத்தினார். அது கேழ்வரகுக் களியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. "பிரிச்சுடுங்க. சட்டமெல்லாம் போயிடுச்சு" என்றார்.

பிரித்துப் போட்ட பலகைகளை வாசலில் அடுக்கினார்கள். சிமெண்ட் பட்ட பக்கம் சொதசொதவென்று இருந்தது. உள்பக்கம், நாங்கள் சாய்ந்து உட்கார்ந்த பக்கம், புதுசு மாதிரியே வழவழவென்று இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதறினேன். மாமனார் தன் அறையை மறுபடியும் எங்களுக்கு ஒழித்துக் கொடுக்கப் போனார். வேண்டாமென்று என் வீட்டுக்காரர் கடையைக் காலி செய்து, பெரம்பலூரில் வீடு பார்த்தார். மகனோடு மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனாலும் நாங்கள் கிளம்பிய அன்று முட்டியைத் தேய்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். ஜன்னலோரம் இருந்த என்னிடம் மட்டும் பேசினார்.

"நீ என்ன ஆயி பண்ணுவ. சொன்ன பேச்சு கேக்காத பயலக் கட்டிக்கிட்ட. மனசு வுட்டுடாத."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இல்ல மாமா, நான்தான்" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. சொல்லிவிட்டால் அப்புறம் என்னை ஆயி என்று கூப்பிடமாட்டாரோ என்று பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த பொங்கலுக்குள் அவர் போய்விட்டார், மகனோடு பேசாமலேயே.