கீழே உட்காரக் கற்றவர்

பட்டாபிராமன் துறைமுக அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். வீட்டிலோ ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. முன்பு குடியிருந்த லேக் மார்க்கெட் வீட்டில் அவர் கைதவறிக் கீழே போட்ட பேனாவும் பேப்பரும் தாமாகவே மேஜைமேல் ஏறிவிடும் என்றுதான் அவர் நம்பியிருந்தார். ஏற்றிவைத்தவள் மனைவி வத்சலா. குனிந்து குனிந்தே அவள் முதுகு வளைந்தது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் பொய் என்று சொல்லமாட்டார்.

இப்போது இருவரும் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரே அறையில் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து வத்சலாவின் இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பெண் பெங்களூரில். ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து, அழாமல் பேசப் பாடுபடுவாள்.

இல்லத்துக்குக் காலையில் ஸ்னேகா என்கிற வங்காளிப் பெண் உடற்பயிற்சி சொல்லித்தர வருவாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகால் அசைப்பது, மூச்சை இழுத்துவிடுவது, கடைசியில் எல்லோருமாக ஒரு பாட்டு. பட்டாபிராமன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கிழங்களைக் கூட்டிவைத்துக் கும்மியடிக்க விடுகிறார்கள் என்பது அவர் அபிப்பிராயம்.

துர்கா பூஜை முடிந்த கையோடு ஒரு மத்தியானம் வத்சலா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தாள். நல்லவேளை, பலத்த அடி இல்லை. ஆனால் ஆயாக்கள் எல்லோரும் மாடியில் இருந்தார்கள். மணி அடித்தும் வர நேரமாயிற்று.

"சித்த கிட்ட வாங்கோளேன்" என்று அவள் தரையில் கிடந்தபடி வலது கையை நீட்டினாள்.

அவரால் முடியவில்லை. முட்டி மடங்க மறுத்தது. மடக்கினால் அவள்மேலேயே விழுந்துவிடுவோமோ என்று பயம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுமரமாக நின்றார். கொஞ்ச நேரம் நீட்டியிருந்த கையை அவளே மடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவரால் மறக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். தரையில் உட்காரக் கற்றுத்தர வேண்டும் என்று ஸ்னேகாவிடம் கேட்டார். கீழே விழுந்தால் எழுந்திருப்பதுதான் முக்கியம், அதைச் சொல்லித்தருகிறேன் என்றாள் அவள். எழுந்திருப்பது கிடக்கட்டும், முதலில் இறங்க வழி சொல் என்றார் இவர். பக்கத்து நாற்காலி சாட்டர்ஜி, மதராசி பாபுவுக்குத் தரையில் இலை போட்டுச் சாப்பிட ஆசை வந்துவிட்டது என்று கேலி பண்ண, கூடமே சிரித்தது. பட்டாபிராமன் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிடச் சாப்பாட்டுராமன் என்று பெயரெடுப்பது சுலபமாக இருந்தது.

நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காருவதில் ஆரம்பித்தாள் ஸ்னேகா. பிறகு சுவரைப் பிடித்துப் பாதி குனிவது, ஒரு முட்டியைத் தலையணைமேல் ஊன்றுவது. அறைக்குத் திரும்பித் தைலம் தேய்த்துக்கொண்டு முனகுவார். இந்த வயதில் எதற்கு இந்தச் சர்க்கஸ் என்று வத்சலா கேட்டால், உடம்புக்கு நல்லதாம் என்பார். குளிர்காலம் பூராவும் இப்படியே போயிற்று. ஒருநாள் தலையணை இல்லாமலே தரையைத் தொட்டுவிட்டார். கேலி பண்ணிய சாட்டர்ஜிதான் முதலில் கைதட்டினார்.

குளிர் போய் வெயில் ஏற ஆரம்பித்திருந்த சமயம். தண்ணீர் பாட்டிலை எட்டி எடுக்கப்போன வத்சலா மறுபடி சரிந்தாள்.

பட்டாபிராமன் மணியை அழுத்தினார். கட்டில் கம்பியைப் பிடித்தார். வலது முட்டியை ஊன்றினார். தரையில் கையை வைத்து, வேஷ்டி நழுவுவதையும் பொருட்படுத்தாமல், பொத்தென்று உட்கார்ந்தார். எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டு, அவள் தோளைத் தடவிக் கொடுத்தார்.

கண்ணை இறுக்கி மூடியிருந்த வத்சலா திறந்து பார்த்தாள். அவர் முகம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கவே பதறிப்போனாள்.

"ஏன்னா, நீங்களும் விழுந்துட்டேளா?"

"விழலடி. உன் பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன்."

அத்தனை நாளும் இதற்குத்தானா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவிடாமல் அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான். ஓடிவந்த ஆயாக்கள், இந்த இரண்டு பேரில் யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள்.