காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று சொன்னவர்

எஸ்தர் டீச்சர் காலமான செய்தி முதல் பஸ்ஸில் வந்தது. கடையத்திலிருந்து அவருடைய தம்பி சாமுவேல் வந்து வாசலில் நின்றார். "அக்கா போயிட்டா, டீச்சர். வெள்ளனயே போயிட்டா. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு, அதான் நேரா இங்கன வந்தேன்" என்றார். அடுப்பில் இட்லிக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. பதினாறு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். நன்றாக அழுதேன். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு மலருக்கு டீச்சரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவிகளாகிய நீங்கள் என்னிடம் கேட்டது அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். செய்தி வந்த அன்றே கேட்டிருந்தால் நீங்கள் விரும்புகிற மாதிரியே எழுதித் தந்திருப்பேன். கடையத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் எனக்கு ஒரு சங்கதி தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு கேட்டிருக்கிறீர்கள். போனவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நானும் பேசியவள் இல்லை. ஆனால் இதை இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வேன்?

நல்லதை முதலில் சொல்கிறேன். அது நிறையவே இருக்கிறது.

பலூன் என்றால் தேரோட்டத்தில் வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் வெடித்துப்போகும் பொருள் என்றுதான் அந்தக் காலத்தில் தென்காசியில் நமக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகளை ஒரு பொழுது முழுக்கச் சண்டையில்லாமல் விளையாட வைக்கலாம் என்று காட்டியவர் எஸ்தர் டீச்சர்தான். பாளையங்கோட்டையில் பயிற்சிக்குப் படித்தபோது ஹாஸ்டல் வார்டன் அம்மாவிடம் கற்றுக்கொண்டாராம். கற்றதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் நம் ஊருக்குத் தக்கபடி மாற்றினார். பனையோலை விசிறியால் வீசி வீசியே பலூனை எல்லைக்கோடு வரை ஓட்ட வேண்டும்; கை பட்டால் ஆட்டம் போச்சு. இது விசிறிப் பந்தயம். பலூனுக்குள் துண்டுச் சீட்டு இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து உடைத்து, சீட்டில் உள்ளபடி காக்கையாகக் கரையவோ பாட்டியாக நடக்கவோ வேண்டும். இது உக்காந்து உடை. கடைசி ஆட்டம் எப்போதும் கால் பலூன். ஒவ்வொரு பிள்ளையின் கணுக்காலிலும் ஒரு பலூனைக் கட்டிவிடுவோம். தன் பலூனைக் காப்பாற்றிக்கொண்டு மற்றவர்களுடையதை மிதித்து உடைக்க வேண்டும். யாருடையது கடைசிவரை நிற்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பரிசு.

அவரிடம் ஒரு பழைய சல்லடை வளையம் இருந்தது. வலை அறுந்துபோன பிறகு வெறும் மரவளையத்தை மட்டும் துடைத்து எடுத்து வைத்திருந்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து அவர் ஊதுவார். ஊதிய பலூன் ஒவ்வொன்றும் அந்த வளையத்துக்குள் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். நுழையாவிட்டால் காற்றை இறக்குவார். தொளதொளவென்று நுழைந்தால் இன்னும் இரண்டு அடி அடிப்பார். பிறகு என்னிடம் தருவார். வாயை நூலால் முடிந்து பிள்ளைகளின் காலில் கட்டுவது என் வேலை. "பெருசு சிறுசு இருக்கக் கூடாது கோமதி. காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பார். உங்களில் எத்தனை பேர் இதை அவர் வாயால் கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பரீட்சைத் தாள் கொடுக்கும்போதுகூட அதைத்தானே சொல்வார்.

வடகரையிலிருந்து வந்து சேர்ந்த மைமூன் என்ற பிள்ளையை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பலூன் வெடிக்கிற சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். எஸ்தர் டீச்சரும் மேசைக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தார். ஒரு பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் அதன் வாயை அவள் விரலில் கொடுத்து, மெல்ல இழுத்துவிடச் சொன்னார். அது கீச்சென்று கத்தியது. மைமூன் இன்னும் கொஞ்சம் இழுத்தாள், அது அழுதது. "இந்தா பாரு, உன்னை விட அதுக்குத்தான் பயம் ஜாஸ்தி" என்றார். அந்தப் பிள்ளை சிரித்தபடி வெளியே வந்தது. அடுத்த மாதமே அவள்தான் கால் பலூனில் எல்லோரையும் விரட்டி மிதித்தாள். இதைச் செய்தவரும் அவர்தான். நான் மறைக்கவில்லை.

இனி குற்றாலத்துக்கு வருகிறேன். சீசன் தொடங்கியதும் ஐந்தருவிப் பாதையில் ஒரு மில் முதலாளியின் குடும்பம் பங்களாவுக்கு வந்து தங்கும். அவர்களுடைய மகள் ராணிக்கு ஆனி மாதம் பிறந்தநாள். அதற்கு விளையாட்டு நடத்த எங்கள் இருவரையும் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்கள். முதல் வருடம் தோட்டத்தில் நடத்தப்போய், சாரல் காற்று அத்தனை பலூனையும் அள்ளிக்கொண்டுபோய் மாமரத்தில் மாட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஹாலில்தான் நடத்தினோம். என் மகள் செண்பகமும் என்னோடு வருவாள். அடுத்த நான்கு வருடமும் கால் பலூனில் ராணிதான் ஜெயித்தாள். யாரும் ஏமாற்றவில்லை. அவள் காலை மிதிக்க மற்ற பிள்ளைகளுக்குப் பயம், அவ்வளவுதான். எஸ்தர் டீச்சர் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். "பங்களாப் பிள்ளை பலூனுக்கு மட்டும் பட்டாளமா காவல் நிக்குது, ஏட்டி?" என்று என் காதில் சொல்வார். நான் சிரித்துவிட்டு நூலைப் பார்ப்பேன்.

அதற்கடுத்தது, நயா பைசா வந்த வருடம். செண்பகத்துக்கு ஒன்பது வயது. அவளுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. கடைசியில் ராணியும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். ராணி இரண்டு தடவை செண்பகத்தின் பலூனை நன்றாகவே மிதித்தாள். அது வழுக்கிக்கொண்டு விலகியதே தவிர வெடிக்கவில்லை. செண்பகம் ஒரே மிதி மிதித்தாள்; ராணியுடையது வெடித்தது. என் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஓடிவந்தாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ராணி அழுதாள். அவளுடைய அம்மா எழுந்து வந்து, செண்பகத்தின் காலில் இருந்த பலூனை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். அது பிசைந்த மாவைப் போல அமுங்கியது. கூடையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து அமுக்கினார். அது விறைப்பாக இருந்தது.

"இதை யார் கட்டினது?" என்றார்.

"நான்தாம்மா" என்றேன். கட்டியது நான்தானே.

"டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குன்னு தனிப் பலூன் கொண்டு வர்றதுண்டோ?"

நான் எஸ்தர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த நூலை எடுத்துக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்தும் சுற்றிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. செண்பகம் தனக்குப் பரிசாகக் கொடுத்த கண் மூடும் பொம்மையைத் தானாகவே மேசையில் கொண்டுபோய் வைத்தாள். 

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்து எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு தடவை முழுக்க ஊதி இறக்கிய பலூனை மறுபடி ஊதினால் தோல் தளர்ந்துவிடுமாம். வளையத்துக்குள் மற்றவற்றைப் போலவே நுழையும், ஆனால் லேசில் வெடிக்காது. முந்தின நாள் சாயங்காலமே ஒன்றை அப்படிச் செய்து வைத்து, செண்பகத்தின் முறை வந்தபோது அதையே ஊதி என் கையில் கொடுத்திருக்கிறார்.

"ஒரு தடவையாவது நம்ம பிள்ளை ஜெயிக்கட்டும்னு நினைச்சுட்டேன் கோமதி. கர்த்தர் சாட்சியா கெட்ட எண்ணம் இல்லே."

"அது சரி அக்கா. அங்கன ஏன் வாயத் தொறக்கல?"

"வர்ற வருஷம் என்னை எச்செம் ஆக்குதாங்க. நம்ம ஸ்கூல் மேனேஜர் அந்த வீட்டுக்கு வந்து போற ஆளு. நான்தான்னு தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது, ஏட்டி."

எனக்குப் பங்களாவும் வேண்டாம், பங்களா அம்மாவின் நல்ல அபிப்பிராயமும் வேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்று கேட்டேன். என் பிள்ளை என்னைத் திருட்டுத்தனம் செய்தவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள், கட்டியது என் கை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். "சொல்லுதேன். நீ அந்தப் பேச்சையே அவகிட்ட எடுக்காத, நானே பக்குவமாச் சொல்லுதேன்" என்றார். பத்து நாள் கழித்து, "சொல்லிட்டேன் கோமதி. பிள்ளை சிரிச்சுட்டா. எல்லாம் தீந்துபோச்சு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் தலைமையாசிரியை ஆனபோது மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டவளும் நான்தான்.

ஆறினதைக் கிளறக் கூடாது என்று நானும் செண்பகத்திடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அவளுக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "இதுல நீ ஒண்ணும் பண்ணலையேம்மா?" என்று கேட்டாள். பேச்சை எழுதிக் கொடுத்தது நான். அதைக் கேட்கிறாள் என்று நினைத்து, "பண்ணாம பின்ன?" என்று சிரித்தேன். அவள் கோப்பையை அலமாரியில் பின்பக்கமாக வைத்தாள். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை. கூச்சம் வந்துவிட்டது, வளர்கிற பெண்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது செண்பகம் பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி படிக்கிறாள். அடக்கத்துக்கு நேரே கடையம் வந்துவிட்டாள். எல்லாம் முடிந்து புறப்படும்போது சாமுவேல் அந்தச் சல்லடை வளையத்தைக் கொண்டுவந்து, "உங்ககிட்டதான் குடுக்கணும்னு அக்கா சொல்லிட்டே இருந்தா" என்று தந்தார். நான் அதை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். செண்பகம் என் தோளைத் தடவினாள்.

"எஸ்தர் டீச்சர் பாவம்மா. உனக்காக எவ்வளவு செஞ்சிருக்காங்க."

"எனக்காகவா? என்ன செஞ்சாங்க?"

"அந்தப் பலூனைத்தான் சொல்லுதேன். நீ அவ்வளவு கெஞ்சினதாலதான் மனசு கேக்காம அப்படி ஊதிக் குடுத்தாங்களாம். 'உங்க அம்மாவைக் கோவிச்சுக்காத, ஒரு தடவையாவது பிள்ளை ஜெயிக்கட்டும்னுதான் எங்கிட்டக் கேட்டா'ன்னு அப்பவே சொன்னாங்க."

 'சொல்லிட்டேன்' என்று டீச்சர் என்னிடம் சொன்னது பொய்யில்லை, பாருங்கள். பிள்ளையிடம் சொல்லத்தான் செய்திருக்கிறார். தன் மனதில் இருந்த அதே வார்த்தையை என் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பத்து வருடம் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தூக்குச் சட்டியிலிருந்து துவையல் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். நம்பினவள் கழுத்தை இதைவிட மெதுவாக யாராலும் அறுக்க முடியாது.

"நான் கேக்கல செண்பகம். சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. என் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "போகட்டும்மா. எனக்காகத்தானே செஞ்ச. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றாள். சின்னப் பிள்ளை பொய் சொல்லும்போது நாங்கள் டீச்சர்கள் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

எஸ்தர் டீச்சர் என்னிடம் விட்டுப்போனதைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒன்று, வளையம். இன்னொன்று, நான் செய்யாத தப்புக்கு என் மகள் கொடுத்த மன்னிப்பு. வளையத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டேன். அலுவலக அறையில் ஆணியில் தொங்குகிறது, நீங்கள் வந்து பார்க்கலாம். மன்னிப்பை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவரைக் கடையத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.