கப்பல் புறப்பட எட்டு நிமிடம்: பேர்கன் துறைமுகத்தில் நடந்தது

லண்டன் மோர்டனில் ஞாயிறு பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால், இப்போதெல்லாம் யாராவது ஒருவர் கப்பல் பயணத்தைப் பற்றி என்னிடம் கேட்காமல் விடுவதில்லை. எவ்வளவு காசு முடியும், வாந்தி வருமா, சோறு கிடைக்குமா, விசா வேண்டுமா? கடைசியாக, "பயமில்லையோ?" என்பார்கள். முதல் நான்குக்கும் வாசலில் நின்றபடியே பதில் சொல்லிவிடலாம். ஐந்தாவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஒரு வாரம் விடுமுறை வந்தது. எங்கள் முப்பதாவது திருமண நாளும் அதே வாரத்தில். இவர், அதாவது என் கணவர் ஜெரோம், மின்வேலை செய்பவர். லண்டனுக்கு வருமுன் பதினொரு ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்தவர். ஐரோப்பாவில் எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் வழி கண்டுபிடித்து வந்துவிடுவேன் என்று பெருமை பேசுவார். எனக்கு முழங்கால் வருத்தம், அதிகம் நடக்க முடியாது. "கப்பலெண்டால் நீ நடக்கத் தேவையில்லை. ஊர்தான் உன்னட்டை வரும்," என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

நோர்வேக்கு ஏழு இரவுகள், ஜன்னல் இல்லாத உள் அறை, இருவருக்கும் 1,380 பவுண். மூன்று நேரச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். பயணக் காப்புறுதி 118 பவுண். இவர் இன்சுலின் போடுகிறவர். அதை மறைக்காமல் சொன்னதால் தொகை கூடியது. கூடினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். விசாவைப் பொறுத்தவரை, எங்கள் இருவரிடமும் பிரித்தானிய பாஸ்போர்ட் இருந்ததால் தேவைப்படவில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் முன்கூட்டியே ஷெங்கன் விசா எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை 9.10க்கு மோர்டனில் நோர்தன் லைன் சுரங்க ரயில் எடுத்தோம். பாங்க் நிலையம் வரை முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையம். கப்பல் நிற்கும் டில்பரி டவுனுக்கு ரயிலில் முக்கால் மணித்தியாலம், பிறகு டாக்ஸிக்கு 8 பவுண். (வார இறுதியில் டியூப் லைன் மூடியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.) மாலை நான்கு மணிக்குக் கப்பல் தேம்ஸ் வழியே கடலை நோக்கிப் போனது.

நான் மன்னாரில் பிறந்தவள், கடல் தெரியாதவள் அல்ல. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லாத கடலை அன்றுதான் பார்த்தேன். ஞாயிறு முழுக்கக் கடலில். கப்பல் மெதுவாகச் சாய்ந்து நிமிரும்போதெல்லாம் அறைச் சுவர் கிறீச்சிட்டது. வாந்தி வரவில்லை, இஞ்சி மிட்டாயும் பச்சை அப்பிளும் உதவின. பயம் மட்டும் நெஞ்சுக்குள் கல் மாதிரி இருந்தது. சோறு இருந்தது, உறைப்புத்தான் இல்லை. கறித்தூள் கொண்டு போங்கள்.

ஒரே ஆறுதல் செல்வம் என்பவர். கப்பல் வாசலில் பயணிகளின் அட்டையைச் சரிபார்க்கும் காவலர், தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "நீங்க தமிழா? சிலோனா?" என்று சிரித்தார். இறங்கும்போதும் ஏறும்போதும் அந்த அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும். யார் கரையில், யார் கப்பலில் என்பது அதில்தான் பதிவாகும்.

திங்கள் காலை எட்டு மணிக்கு நோர்வேயின் பேர்கன் துறைமுகம். அதே நேரம் இவர் இன்சுலின் போட்டு, காலைச் சாப்பாடு சாப்பிட்டார். என் முழங்கால் வீங்கியிருந்தது. "நீ படு. நான் ட்ராமிலை கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய்ப் பாத்திட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே வாறன்," என்று ஒன்பதரைக்கு இறங்கினார். எல்லோரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் மாலை 4.30, புறப்பாடு ஐந்து மணி.

ஒரு மணிக்கு வரவில்லை. இரண்டுக்கும் வரவில்லை. ஊர் பார்க்கும் ஆசையில் வெளியே எங்கேயாவது சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். மூன்றரைக்குத் தொலைபேசி எடுத்தேன், மணியே அடிக்கவில்லை. கடலில் கப்பலின் சிக்னலைப் பிடித்தால் பெரிய பில் வரும் என்று மகள் எச்சரித்திருந்ததால், இருவரும் தொலைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தோம். நான் அதை எடுத்துவிட்டேன். அவர் எடுக்க மறந்திருக்கிறார்.

நான்கு மணிக்கு மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் இரண்டு இரண்டு பேராக, கடைப் பைகளோடு திரும்பி வந்தார்கள். தூரத்தில் நரைத்த தலை தெரியும்போதெல்லாம் இவர்தான் என்று நினைப்பேன். கிட்ட வரும்போது வேறு முகம். 4.35க்கு ஒலிபெருக்கியில் இவருடைய பெயரையும் எங்கள் அறை எண்ணையும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். ஒரு வெள்ளைக்காரர் அந்தப் பெயரை உடைத்து உடைத்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

அறைக்கு ஓடினேன். கதவுக்குப் பின்னால் கொக்கியில் இவருடைய ஜாக்கெட் தொங்கியது. பையில் கை விட்டேன். இரத்தத்தில் சீனி குறைந்தால் உடனே வாயில் போடும் குளுக்கோஸ் வில்லைகள், பிரிக்காமல் அப்படியே இருந்தன. காலையில் வெயில் என்று ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்திலேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கேயோ ஒரு தெருவோரத்தில் அவர் விழுந்து கிடப்பதாகவும், குடிவெறி என்று நினைத்து ஆட்கள் விலகிப் போவதாகவும் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. செல்வமும் ஒரு பெண் அதிகாரியும். அதிகாரி ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: பாதுகாப்புப் பெட்டியில் இருக்கும் கணவரின் பாஸ்போர்ட்டை எடுத்து, கரையில் கப்பலுக்காக வேலை செய்யும் துறைமுக முகவரிடம் கொடுப்பார்கள், கப்பல் காத்திருக்காது, நான் பயணத்தைத் தொடரலாம், அல்லது இறங்கலாம்.

"அம்மா, இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு," என்றார் செல்வம். "எப்படியும் அடுத்த ஊருக்கு வந்துருவாரு. நிறைய பேரு அப்படி வந்திருக்காங்க. நீங்க இங்கயே இருங்களேன்."

"அவருக்குச் சீனி வருத்தம், தம்பி. மருந்து ஒண்டும் கையிலை இல்லை."

செல்வம் அறைக்குள் வந்தார். பிறகு, "ஊசி எங்க இருக்கு? எடுங்க. பையை நான் தூக்கறேன்," என்றார்.

இரண்டு பாஸ்போர்ட், குளிர்ப்பெட்டியில் இருந்த இன்சுலின், ஜாக்கெட், ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு. முழங்கால் வலியே தெரியவில்லை. என் அட்டையை இயந்திரத்தில் காட்டியபோது அது 'டிங்' என்றது. நான் கரையில் கால் வைத்ததும் பின்னால் நடைபாலத்தை இழுத்துவிட்டார்கள்.

ஐந்து மணி கடந்து ஐந்து நிமிடத்தில் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் பாட்டுப் போட்டு ஆட்கள் கை காட்டினார்கள். நான் மொழி தெரியாத ஊரில் ஒரு பையோடு நின்றேன். கப்பல் திரும்பி முனையைத் தாண்டியபோது, பெரிய பிழை செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். மஞ்சள் மேலங்கி போட்ட துறைமுக முகவர் எனக்கு உட்கார ஒரு கதிரை கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் நோர்வேஜிய மொழியில் பேசப் பேச நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செபமாலை சொல்லத் தொடங்கி மூன்றாவது மணியோடு மறந்துபோனேன்.

5.40க்கு ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் முதலில் இறங்கி, மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். இவர் இறங்கினார். முகம் சாம்பல் பூத்திருந்தது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, கையில் பாதி குடித்த பழச்சாறு. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த வெறும் தண்ணீரைப் பார்த்தார்.

"கப்பல் எங்கையப்பா? அஞ்சு மணிக்குத்தானே?"

மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அதில் 4.40. நோர்வே லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முன்னால். மணிக்கூட்டை மாற்றச் சொல்லி ஞாயிறு இரவு அறைக்கு வந்த தாளை நான்தான் வாசித்தேன். என் தொலைபேசியை மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை.

பிறகுதான் முழுவதும் தெரிந்தது. அவருடைய கைக்கடிகாரம் பன்னிரண்டரை காட்டியபோது உண்மையில் ஒன்றரை. இன்னும் நேரம் இருக்கிறதென்று ட்ராமின் கடைசித் தரிப்பிடம் வரை போயிருக்கிறார். திரும்பும்போது வழி மாறி நடந்து, சாப்பாடு பிந்தி, சீனி இறங்கி, ஒரு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தவர் எழும்ப ஏலாமல் போயிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்தான் அந்தப் பெண், ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்பவர். கை நடுங்குவதைப் பார்த்து, ஜெர்மன் மொழியில் விசாரித்து, பழச்சாறும் சாப்பிடப் பாணும் வாங்கிக் கொடுத்து, அவர் தெளியும்வரை கூட இருந்து, காரில் ஏற்றி வந்திருக்கிறார். நான் கையைப் பிடித்தபோது, "எங்கள் அப்பாவுக்கும் இதே வருத்தம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு விடுதிக்கு 165 பவுண். மறுநாள் காலை ரயிலில் மிர்டால் வரை இரண்டு மணித்தியாலம், அங்கிருந்து மலை இறங்கும் சின்ன ரயிலில் ஒரு மணித்தியாலம். கப்பல் நின்ற ஃப்ளோம் கிராமத்தை மத்தியானம் அடைந்தோம். இருவருக்கும் டிக்கெட் ஏறக்குறைய 150 பவுண். வாசலில் நின்ற செல்வம் எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தார். பிறகு, "ஆமா, சாப்பிட்டீங்களா ஐயா?" என்று இவரிடம் கேட்டார்.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து: கப்பலின் நேரத்தை எல்லா மணிக்கூட்டிலும், கைக்கடிகாரத்திலும், தாள் வந்த உடனேயே மாற்றுங்கள். கரையில் இறங்கியதும் ஃப்ளைட் மோடை எடுங்கள். மருந்தும் இனிப்பும் இடுப்பில் கட்டும் பையில், உடம்போடு இருக்கட்டும். துறைமுக முகவரின் தொலைபேசி எண் கப்பலில் தினமும் அறைக்கு வரும் தாளின் அடியில் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் இருவர் கையிலும் வேண்டும். கப்பலைத் தவறவிட்ட செலவைக் காப்புறுதி கொடுக்குமா என்று முதலே கேளுங்கள். எங்களுக்கு ஒரு பகுதிதான் கிடைத்தது.

இன்னொன்றையும் வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள். ஒருவர் திரும்பி வராவிட்டால், மற்றவர் இறங்குவதா, இருப்பதா? நாங்கள் பேசவில்லை. விடுதியில் இவர் என்னோடு கோபித்துக்கொண்டார். "எனக்கு ஏதும் நடந்திருந்தால் நீ தனிய என்ன செய்திருப்பாய்? கப்பலிலை இருந்திருக்க வேணும்," என்றார். ஒரு வருடமாகிறது. அவர் இன்னும் அதையேதான் சொல்கிறார். நான் இன்னும் அதற்கு 'ஓம், சரி' என்று சொல்லவில்லை.