நீர்மட்டக் கண்ணாடியின் மூடி

கனடாவில், அஜக்ஸ் நகரில் ஒரு வீட்டுக்கு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்தப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர், வற்றிய உடம்பு, கழுத்துவரை பூட்டிய ஸ்வெட்டர். இலங்கையில் இளவயதில் நீராவி ரயில் இஞ்சினில் டிரைவருக்குத் துணையாக அடுப்பெரிக்கும் ஃபயர்மனாக இருந்தவராம். அந்த பிரிட்டிஷ் இஞ்சினின் சிறிய மாதிரியை, ஆணி ஆணியாகத் தானே செய்து பேஸ்மென்டில் வைத்திருந்தார். பேசும்போதெல்லாம் டிரைவர் நிற்கும் இடத்துக்குள் விரலை விட்டு, நகத்தளவு மூடி ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உது என்ன அங்கிள்?"

"பொயிலரில தண்ணி எவ்வளவு எண்டு காட்டுற கண்ணாடிக் குழாய்க்கு மூடி. கண்ணாடி வெடிச்சா ஆளைக் காப்பாத்தும். ஒருநாள் துடைக்கக் கழட்டினன். திருப்பிப் போட மறந்திட்டன்."

"வெடிச்சதோ?"

"ஓம். டிரைவற்றை முகத்தில நீராவி அடிச்சது. மூண்டு நாளில ஆள் முடிஞ்சுது. விசாரணையில, அவர்தான் மூடியைக் கழட்டினவர் எண்டு சொன்னன். செத்த வீட்டில அவற்றை மனுசி என்ரை கையைப் பிடிச்சு, 'கடைசிவரைக்கும் கூட நிண்டியே தம்பி' எண்டு அழுதவ."

"வீட்டில ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை. உமக்குத்தான் சொல்லுறன், நீர் இனி இஞ்ச வரமாட்டீர்தானே."

நான் ஃபேர்னஸை மூட்டினேன். அது குப்பென்று பற்றிக்கொண்ட சத்தத்துக்கு அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அவரை வெறுக்கவும் முடியவில்லை, ஆறுதலாக ஒரு சொல் சொல்லவும் வாய் வரவில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் அப்படித்தான்.